முழங்கால் பகுதி

வெள்ளி இரவு பத்தரைக்கு மரக்கட்டை வந்தது,
உள்ளங்கை அகலம்,
ஒரு பெரிய படத்தின் பதினாறில் ஒரு துண்டு.
மூக்கு ஹோப்வெல்லுக்குப் போயிற்று.
வழுக்கையும் கிருதாவும் க்ரிம்ஷாவுக்கு.
எனக்கு முழங்கால்கள்.

விடிவதற்குள் பதினாறையும் திருகாணி போட்டு இறுக்கி
'கிலுகிலுப்பை' வார இதழின் நடுப்பக்கம் ஆக்க வேண்டும்.
ஃப்ளீட் தெருவின் பின்சந்து, நாலாம் மாடி.
ஹோப்வெல்லுக்குப் பத்து ஷில்லிங்,
எனக்கு ஏழு.
மூக்கு கடினம் என்பார் முதலாளி.

தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டை
விளக்கின் வெளிச்சத்தை ஒரு காசளவுக்குச் சுருக்கித் தரும்.
அந்தக் காசுக்குள் ஒரு கால்
உள்பக்கம் மடங்கி நின்றது.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் உளி தயங்கும்.

புதன்கிழமை கடைவாசலில் கூட்டத்தோடு நின்று
முழுப்படத்தையும் பார்த்தேன்.
மெழுகுவர்த்திக்கு வரி போட்ட ஹெதர்ஸ்டோக் பிரபு
கோமாளிச் சட்டையில்,
லண்டனின் வெளிச்சத்தையெல்லாம் கால்சட்டைக்குள் திணித்துக்கொண்டு
ஓடுகிறார்.
முகம் மந்திரியுடையது.
நடை லாம்பெத் கொட்டகை பார்னபி டல்லிஸுடையது.
மீன்கூடைக்காரிகூட ஒரே பார்வையில் சொன்னாள்.

மந்திரி விழுந்து விழுந்து சிரித்தாராம்.
நல்ல தாளில் ஒரு பிரதி கேட்டு வண்டி அனுப்பினார்.
சட்டம் போட்டுச் சாப்பாட்டு அறையில் மாட்டியிருப்பதாகக் கேள்வி.
வரி அப்படியே இருந்தது.

கடிதம் போனது கொட்டகைக்கு:
"மேற்படி நடிகர் இடது முழங்காலை உள்மடித்து நடக்கும் நடை
மேன்மை தங்கிய மந்திரி அவர்களைப் பகடி செய்வதாக
ஐயத்துக்கு இடமளிப்பதால்
இத்தேதி முதல் மேடையில் அனுமதிக்கப்படாது."
தாள் சிரிக்கலாம், பலகை சிரிக்கக் கூடாது;
அதுதான் அன்றைய ஏற்பாடு.

எய்தவர் மேல்மாடியில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.
அம்பு நான்தான்.

ஒரு சங்கதி:
மரத்தில் வெட்டுவது தாளில் இடம்வலம் மாறும்.
ஓவியர் அன்று ஜின் வாசனையோடு வந்தவர்,
காலைத் திருப்பி வரைய மறந்திருந்தார்.
டல்லிஸுக்கு மடங்குவது வலக்கால்.
பதினோரு வருஷம் முன்பு
மேடைப் பொறிக்கதவு ஒரு வசனம் முந்தித் திறந்து
கீழே விழுந்த கால்.
கோணலாய்ச் சேர்ந்தது.
ஜனம் சிரித்தது.
முதலாளி வாரத்துக்கு இரண்டு ஷில்லிங் கூட்டினார்.

கொட்டகைக்காரர் பணிவாகப் பதில் எழுதினார்:
எங்கள் நடிகர் நொண்டுவது வலது ஐயா.
ஒரு குமாஸ்தா வந்தார், தொலைநோக்கியோடு,
மூன்று இரவு, இலவச இருக்கையில்.
ஒருதரம்கூடச் சிரிக்கவில்லை, குறிப்பெடுத்தார்.
நாலாம் நாள் திருத்திய ஆணை:
"எக்காலும் கூடாது."

அந்தக் குளிர்காலம் முழுக்க டல்லிஸ்
பெட்டிமேல் உட்கார்ந்தே கோமாளியாக இருந்தார்.
திரை விழுந்த பிறகு
இரண்டு பேர் தூக்கிப் போவார்கள்.
அதற்கும் சிரித்தார்கள்,
ஆனால் கூட்டம் குறைந்தது. பாதிச் சம்பளம்.

மார்ச்சில் ஒருநாள்
மாடிப்படியில் ஒரு சத்தம்:
ஒரு தட்டு, ஒரு இழுப்பு, ஒரு தட்டு.
நாலு மாடியும் ஏறி வந்தவர்
மூச்சு வாங்க நின்றார்,
கையில் மடித்த 'கிலுகிலுப்பை'.
"முழங்கால் வெட்டினது யார்?"
ஹோப்வெல் உடனே குனிந்துகொண்டான்.
நான் எழுந்தேன்.

திட்டுவார் என்றிருந்தேன்.
அவர் தாளை மேசையில் நீவிவிட்டு
விளக்கின் அந்தக் காசு வெளிச்சத்துக்குள் தள்ளினார்.
நான் வெட்டிய கோடுகள்மேல் விரல் வைத்து
ஒரு நெல்லளவு கீழே நகர்த்தினார்.
"வலி இங்கே, பெண்ணே.
நீ மேலே போட்டுவிட்டாய்."

பிறகு உட்கார நாற்காலி கேட்டார்.
எங்களிடம் முக்காலிதான் இருந்தது.