வெளிநாட்டவர் கட்டணம்

நிலாவெளியில், காலை ஏழரை.
ரிக்கெட் யன்னலுக்குள் இருந்த பொடியன்
அக்காவின் நீலக் கடவுச்சீட்டைப் பார்த்தான்,
என் அடையாள அட்டையைப் பார்த்தான்,
இரண்டு முகத்திலும் ஒரே மூக்கைப் பார்த்தான்,
பிறகு இரண்டு விலை எழுதினான்.

"நான் பிறந்தது இங்க, பெரியாஸ்பத்திரியில்" என்றாள் பிரபாலினி.
"ஏழாம் வாட்டு. மழை நாள்."
அவனுக்கு விளங்கியது, சிரித்தான்.
மழைக்குக் கணினியில் கட்டம் இல்லை.

அவள் கட்டிய காசுக்கு
என் வீட்டில் ஒரு மாதம் பால்மா வாங்கலாம்.
நான் வாய் திறக்கவில்லை.
மின்சார சபையில் மீற்றர் பார்க்கிறவன்,
இலக்கங்களோடு சண்டை பிடித்துப் பழக்கமில்லை.

தண்ணீர்ப் போத்தலில் சிவப்புத் துண்டொன்று ஒட்டினார்கள்.
திரும்பக் கொண்டுவந்து காட்டினால்தான் காசு.
போத்தலுக்கும் பிணை வேண்டும்
கடலுக்குப் போக.

ஜவ்பரின் வள்ளம் பத்து நிமிடத்தில் கடந்துவிட்டது
நாற்பத்தொரு வருடம் நான் கடக்காததை.
காணாத தீவல்ல.
உப்புவெளி மதில்களுக்கு மேலால் இலக்கம் வாசிக்கும்போதெல்லாம்
கடலுக்குள் குந்திக்கொண்டிருக்கும்.
போகாதே என்ற காலத்தில் பழகிய கண்
போகலாம் என்ற பிறகும்
தூரத்தில் வைத்தே பார்த்தது.

"புறாத்தீவு எண்டால், புறா எங்க?"
ஜவ்பர் சுக்கானை விடாமல் தாடையால் காட்டினார்.
பாறையில் பாறை நிறத்தில் ஏழெட்டு.
ஒன்று எழும்பிப் பறந்து
எதிரே இருந்த சின்னத் தீவில் இறங்கியது,
யாரும் எதுவும் கேட்கவில்லை.

கரையில் மணல் குறைவு.
அலை உடைத்துப் போட்ட முருகைக்கல்,
விரல் விரலாக, கணு கணுவாக.
காலடி வைத்தால்
பீங்கான் கழுவுகிற சத்தம்.

அக்கா நீந்தப் பழகியது ஸ்காபரோவில்,
நாற்பத்தாறு வயதில், இளஞ்சூட்டுக் குளத்தில், பதினாறு வகுப்பு.
மூன்று பக்கமும் கடல் உள்ள ஊரில் வளர்ந்த நான்
செம்மஞ்சள் அங்கிக்குள் ஒரு மூட்டை.
"முகத்தை வை. மூச்சை வாயால விடு.
நான் பிடிச்சிருக்கிறன்."

முகத்தை வைத்தேன்.

முதலில் கேட்டது சத்தம்தான்,
கறுக், கறுக்.
பச்சையும் நீலமுமாய்க் கிளிமீன்கள்
கல்லைக் கடித்துத் தின்கின்றன.
கீழே ஒரு பாதி ஊதா, ஒரு பாதி தவிட்டு நிறம்,
பிறகு நெடுந்தூரத்துக்கு வெள்ளை,
ஆட்கள் போனபின் வீட்டுச் சாமான்களுக்குப் போர்த்திய துணி போல.
அந்த வெள்ளைக்கு மேலாலும்
குஞ்சு மீன்கள் பள்ளிக்கூடம் விட்டதுபோல் ஓடின.

அப்போது அது வந்தது.
செட்டை நுனியில் மை தொட்ட சுறா,
என் நீளம் இல்லை, என் அவசரமும் இல்லை.
அக்கா என் கையை மூன்று தரம் அழுத்தினாள்.
நான் இரண்டு தரம்.
சத்தம் போடக் கூடாத இடங்களில்
நாங்கள் இப்படித்தான் கதைப்போம்,
இப்போதும் கைக்கு நினைவிருக்கிறது.
சுறா எங்களை ஒரு தரம் வாசித்துவிட்டுப் போனது.

எழும்பி நிற்கப் பார்த்தாள். விசில்.
"கல்லில கால் வைக்க வேணாம்! கால் வைக்க வேணாம்!"
வைத்தாயிற்று.
குதியிலிருந்து ஒரு சிவப்பு நூல்
தண்ணீருக்குள் அவிழ்ந்தது.

திரும்பும்போது பைகளைச் சோதித்தார்கள்.
குருநாகலிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண்ணின் சட்டைப் பையில் ஒரு சிப்பி,
அது திரும்பக் கடலுக்குப் போனது,
அவள் அழுகை வள்ளத்தில் வந்தது.
எங்கள் பையில் துவாயும் பாதி ரோல்ஸும்தான்.

இரவு, குசினி வெளிச்சத்தில்,
சசிரேகா ஊசியைச் சுட்டு எடுத்தாள்.
குதிக்குள் ஓர் அரிசிக்குறுணை வெள்ளை.
"முருகைக்கல் மச்சாள். அசையாதிங்கோ."

பிரபாலினி காலை இழுத்துக்கொண்டாள்.
"விடு. வியாழக்கிழமை பறக்கிறன்.
சுங்கத்தில கேட்டால் காட்டுறன்."

நாங்கள் மூன்று பேரும் சிரித்த சத்தத்தில்
பிள்ளை எழும்பிவிட்டது.

சிவப்புத் துண்டு ஒட்டின போத்தல்
தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது,
கால்வாசித் தண்ணீரோடு.
பிணைக்காசு வாங்க மறந்துபோனோம்.