ஏன் முடியாது

தார்த்து நகரில் மார்ச் மாதம்.
ஆற்றுப் பனி நடுவில் மட்டும் உடைந்திருக்கிறது.
பல் மருத்துவமனைகளுக்கு பில் போடும் மென்பொருளை
ஆறு மணிக்கு மூடிவிட்டு
அதே மடிக்கணினியை
சம்பளம் இல்லாத வேலைக்குத் திறக்கிறேன்.

என் பொறுப்பில் இருப்பது ஒரே ஒரு கோப்பு.
நாலாயிரத்து இருநூறு வரி.
எந்தப் பொதிக்கு எந்தப் பொதி வேண்டும்,
எந்தப் பதிப்பு ஒத்துவரும், எது வராது.
ஜாதகம் இல்லாமல்
பொருத்தம் பார்க்கிற வேலை.

ஒன்று கேட்கும்: எனக்கு மூன்றுக்குக் கீழே.
இன்னொன்று: மூன்று, இல்லையேல் அதற்கும் மேல்.
இரண்டையும் ஒரே மூச்சில் நிறுவச் சொன்னவருக்கு
இது எதுவும் தெரியாது.
நிரல் ஒரு கிளையில் ஏறும், இறங்கும்,
பக்கத்துக் கிளையைப் பிடிக்கும், மறுபடி இறங்கும்.
நாற்பது நிமிடம் மின்விசிறி இரைந்தபின்
இரண்டே சொல்:
தீர்வு இல்லை.

வால்பரைசோ துறைமுகத்தில்
மீன் எடை போடும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும்
ரமீரோவிடமிருந்து புகார் வந்தது.
"இல்லை என்பதில் கோபமில்லை.
யாரால் இல்லை என்று
சொல்லக் கூடாதா?"

ஏழு வாரம் தின்றது அந்தக் கேள்வி.

முதலில் தவறான இடத்தில் கை வைத்தேன்.
இதைத் தொடாதே என்று கௌப்போ எழுதிப்போன
குறிப்புக்குக் கீழே, ஒரு வரி.
எடுத்தேன். பதினோரு சோதனைகள் சிவந்தன.
திரும்ப வைத்தேன்.
கௌப்போ இப்போது தேனீ வளர்க்கிறான்,
அஞ்சலுக்குப் பதில் போடுவதில்லை.

மே மாதம் தங்கை லீலோ அழைத்தாள்.
யானி நாள் நெருப்புக்கு யார் யாரைக் கூப்பிடுவது?
யூலோ வராவிட்டால் ஹெல்வே வருவாள்.
படகு கிடைத்தால்தான் யூலோ தீவுக்கு வர முடியும்.
படகு ஹெல்வேயுடையது.
ஓட்டத் தெரிந்தவளும் அவள் மட்டுமே.
நான் சிரித்தேன். லீலோ சிரிக்கவில்லை.
"முடியாது என்று சொல்லிவிடு."
"ஏன் என்று கேட்பார்களே.
படகிலிருந்து ஆரம்பிப்பதா,
அந்தப் பழைய கடனிலிருந்தா?"

போனை வைத்துவிட்டுக் கோப்பைத் திறந்தேன்.
இறங்கும் ஒவ்வொரு கிளையிலும்
ஏன் இறங்கினாய் என்று
ஒரு சீட்டு எழுதி வைக்கச் சொன்னேன் நிரலை.
தோற்ற இடத்தில் சீட்டுகளைக் கோத்து
கீழிருந்து மேலாக வாசிக்கச் சொன்னேன்.
பத்து மணிக்கும் ஜன்னலில் வெளிச்சம் இருந்தது.

இப்போது அது இப்படிச் சொல்கிறது:
தராசுப் பொதி கேட்பது, வண்ணம் மூன்றுக்குக் கீழே.
திரைப் பொதி ஐந்து கேட்பது, வண்ணம் மூன்றோ மேலோ.
இரண்டும் ஒன்றாக இருக்க வழியில்லை.
திரைப் பொதி நான்கு போதுமென்றால் வழி உண்டு.

ரமீரோ நான்குக்கு இறங்கிவிட்டார் போல.
அங்கிருந்து பிறகு சத்தமில்லை.
செய்தி ரொம்ப நீளம் என்று
வேறு யாரோ அடுத்த புகார் எழுதியிருக்கிறார்.
அதற்கு எண் கொடுத்து வரிசையில் வைத்தேன்.

ஹெல்வேயிடம்
லீலோ இன்னும் சொல்லவில்லை.