குத்தாய்சியிலிருந்து மெஸ்தியாவுக்கு, காலை ஏழு மணி வண்டி

இருபத்திரண்டு வருடமாக இந்த வேனை ஓட்டுகிறேன்.
பதினெட்டுப் பேர் உட்காரலாம்,
ஆட்டுக்குட்டி ஏறினால் பத்தொன்பது.

போன மார்ச்சில் டாக்டர் எத்தேரி
ரத்தச் சீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"ஜும்பர், உனக்குச் சர்க்கரை."
மலையூர்களுக்கெல்லாம் பார்சல் சுமக்கிறவன் நான்.
முதல்முறையாக
என் பெயருக்கே ஒன்று வந்திருக்கிறது.
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

மருந்துச் சீட்டின் பின்புறம் ஒரு வட்டம் வரைந்தார்.
நடுவில் குறுக்கே ஒரு கோடு,
கீழ்ப்பாதியில் நெடுக்காக இன்னொன்று.
மேல்பாதி முழுக்கக் கீரையும் காயும்.
கீழே இந்தப் பக்கம் பீன்ஸ், இல்லாவிட்டால் மீன்.
மிச்சமிருக்கும் கால்வட்டத்தில் ரொட்டி.
"இதுதான் தட்டு" என்றார்.

எனக்கு அது தட்டாகத் தெரியவில்லை.
என் ஸ்டீயரிங்.
அதே மூன்று கம்பி, அதே இடங்களில்.

அதனால் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஆறு மணிக்கு வீட்டில் இரண்டு முட்டை, ஒரு தக்காளி,
உள்ளங்கை அகலத்தில் மக்காச்சோள ரொட்டி, மாத்திரை.
சுக்தீதியில் பத்து நிமிட நிறுத்தம்:
புளித்த தயிர், ஒரு பிடி அக்ரூட்.
பிடி என்றால் என் பிடி இல்லை,
டாக்டரின் சின்னக் கைப்பிடி.
கைஷியில் மத்தியானச் சாப்பாடு.

கைஷியில்தான் சிக்கல்.

அங்கே லமாராவின் கடை.
மாவுக்குள் இறைச்சியும் மலைப் பூண்டும் திணித்துச்
சுட்டெடுத்த குப்தாரி, மேலே வெண்ணெய் வழியும்.
வண்டியை நிறுத்துகிற டிரைவருக்கு இலவசம்.
இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும்
வேண்டாம் என்றதில்லை நான்.
சொன்ன அன்று
அவள் துணியை மேசையில் அடித்தாள்.
"எந்தக் கடைக்காரி அதிகம் தருகிறாள், சொல்."

பதில் சொல்ல வெட்கம்.
மறுநாள் கைஷியைத் தாண்டிப் போய்விட்டேன்,
பயணிகள் பசியில் முனக முனக.

எட்டாவது வளைவில் கை நடுங்கியது.
குளிர்ந்த வியர்வை.
ஒரு சாலை இரண்டாகி,
இரண்டுமே எங்குரி ஆற்றை நோக்கி இறங்கின.

'முதலில் சக்கரத்தை நிறுத்து,
பிறகு சர்க்கரையைத் தொடு'
என்று அந்த அம்மாள் சொன்னது காதில் இருந்தது.
ஓரம் கட்டினேன்.
டேஷ்போர்டில், ஸ்பானருக்கு அடியில்,
வெள்ளித்தாளில் சுற்றிய நாலு சர்க்கரைக் கட்டி.
என்னிடமிருந்து ஒளித்து வைத்தவன் நானேதான்.
நறநறவென்று மென்றேன்.

"சர்க்கரைக்காரன் சர்க்கரை தின்னலாமா?"
என்றார் முன்சீட்டுக்காரர்.
கடிகாரத்தைக் காட்டினேன். பதினைந்து நிமிடம்.
அதுவரை யாரும் பேசவில்லை.
கீழே ஆறு மட்டும்
தன் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

விரலைக் குத்தினேன்.
பதினெட்டுத் தலை அந்தச் சின்னக் கண்ணாடிக்கு மேல்.
தொண்ணூற்று நாலு.
பின்சீட்டில் ஒருவர் பையிலிருந்து பாட்டிலை எடுத்து
எழுந்து நின்று, கூரையில் தலை இடிக்க,
"தொண்ணூற்று நாலுக்காக!" என்று குடித்தார்.

இருக்கிற ரொட்டியை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுக்
கொஞ்சம் பொறுத்துத்தான் கிளம்பினேன்.
பட்டினி பத்தியம் ஆகாது.
எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள்தான்.
எனக்கு எட்டாவது வளைவு சொல்ல வேண்டியிருந்தது.

திரும்பும்போது லமாராவிடம் எல்லாம் சொன்னேன்.
மருந்துச் சீட்டின் பின்புறத்தையும் காட்டினேன்.
தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்,
நேராக்கிப் பார்த்தாள்,
அடுப்புக்கு மேலே ஆணியில் குத்தி வைத்தாள்.

இப்போது தட்டு வரும்:
அக்ரூட் அரைத்துப் பிசைந்த பசலைக்கீரை, மேல்பாதி.
சட்டியில் வெந்த சிவப்பு பீன்ஸ், கொத்தமல்லி தூக்கலாக.
வலது மூலையில்
நாலில் ஒரு பங்கு குப்தாரி.
மெதுவாகத்தான் மெல்கிறேன்.
பிறகு பாலம் வரை நடந்துவிட்டு வருகிறேன்,
பயணிகள் கணக்குத் தீர்ப்பதற்குள்.

மீதி முக்காலை
என் பயணிகளுக்கே விற்கிறாள்.
முழு விலைக்கு.