ஆறு வெள்ளி

போனடுட்ஸ் கராஜில் புக்லி சொன்னான்:
"முந்தி ஓர் ஆட்டுக்காரர் வைத்திருந்தார்.
வாசம் போகாது. வண்டி போகும்."
ஆயிரத்து எண்ணூறு பிராங்.
இருபது குறைத்தான், ஏனென்று சொல்லாமல்.
கியர்த் தடியின் தலையில் ஒரு சிவப்புப் பொத்தான்.
அழுத்தினால்
பின்சில்லு இரண்டுக்கும் வேலை வரும்.

சாஃபியன் பள்ளத்தாக்கில் எனக்கு ஒன்பது வீடு.
புண்ணுக்கு மருந்து கட்ட,
ஊசி போட,
வீங்கிய காலில் இறுக்கமான காலுறை ஏற்ற.
வெர்சாம் தாண்டினால்
பாதைக்கு ஒரு பக்கம் பாறை,
மறுபக்கம் ஒன்றுமில்லை.
பனி கொட்டிய காலைகளில் அங்கே எதிர்ப்படுவது
தபால்காரி, பால்காரன், மாட்டு வைத்தியர்.
அவர்கள் வண்டிகளின் மூக்கிலும் அதே நீள்வட்டம்,
அதற்குள் ஒரு பெரிய வெள்ளி, ஐந்து சின்னன்.

சுபாரு என்றால் கார்த்திகை மீன்.
ஒன்றுசேர் என்றும் பொருளாம்.
ஐந்து கொம்பனி கூடி ஆறாவதான கதை.
"ஆறு பிள்ளைகளை ஒரே அணைப்பில்
ஒரு பிள்ளையாக்கினவள் எங்களிடமும் இருக்கிறாள்"
என்றேன் புக்லியிடம்.
பற்றுச்சீட்டிலிருந்து தலை நிமிராமல் கேட்டான்:
"அப்ப தொப்பி எத்தனை வாங்கினாள்?"

வீட்டில் கேதாரன் ஏறவில்லை.
போனில் தேடிப் படித்திருந்தான்.
"உவங்கள் முதலிலை பொம்பர் செய்தவங்கள்."
அவனுக்குச் சாவகச்சேரியில் ஓர் அண்ணன் இருந்தான்.
சகடை சுற்றிய மத்தியானம்
எல்லாரையும் பங்கருக்குள் இறக்கிவிட்டுச்
சைக்கிளை எடுக்கத் திரும்பினவன்.

மூன்று மாதம்
ஐந்து இருபது பஸ்ஸில் கேதாரன் இறங்கிப் போனான்,
கூர் நகரத்து சலவைக்கூடத்துக்கு.
நான் மேலே போனேன்.

மிச்சத்தை இரவுகளில் நான் படித்தேன்.
தோற்ற நாட்டுக்குப் பறக்கத் தடை.
தேங்கிக் கிடந்த குண்டுவிமானத்தின் வால்சில்லுகளைக்
கழற்றி ஸ்கூட்டரில் பூட்டினார்கள்.
முயல் என்று பேர் வைத்தார்கள்.
யாரோ ஒருத்தி அதிலேறி
முள்ளங்கி வாங்கப் போயிருப்பாள்.
கொம்பனியைப் பன்னிரண்டாய் உடைத்தார்கள்,
அதில் ஐந்து திரும்பி வந்து ஒட்டின.
பிறகு வடக்குப் பனியில்
மின்கம்பி பார்க்கப் போகிறவர்கள்
ஜீப்புக்குள் விறைத்துப்போய் வந்து கேட்டார்கள்:
குளிர் நுழையாத வண்டி வேண்டும்,
நாலு சில்லும் இழுக்க வேண்டும்.
செய்து கொடுத்தார்கள்.
நான் படித்த பக்கங்களில்
மன்னிப்பு என்ற சொல் இல்லை.
நான் அதைத் தேடவுமில்லை.

ஒன்று மட்டும் பொறுக்காமல் அவனை எழுப்பினேன்:
"நாங்கள் பொம்பருக்கு வண்டில் பேர் வைச்சம்.
அவங்கள் பொம்பரை வண்டிலாக்கிப் போட்டாங்கள்."
"படு" என்றான்.
ஆனால் அவனும் படுக்கவில்லை,
கூரையைப் பார்த்தபடி கிடந்தான்,
கூரையில் சத்தம் ஒன்றுமில்லை.

மாசியில் ஒருநாள் பஸ் வரவில்லை.
நான் சப்பாத்து மாட்டி வெளியே வந்தபோது
கேதாரன் கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.
ஒன்றும் பேசாமல் ஏறினான்.
கறுப்புக் காற்சட்டையில் வெள்ளை ஆட்டுமயிர்.
தோபல் பாலம் கடந்து ஏற்றத்தில்
முன்சில்லு சும்மா சுழன்றது.
வண்டி ஒரு முழம் பின்னுக்கு வழுக்கியது.
என் கை இரண்டும் ஸ்டியரிங்கில்.
"பொத்தான்" என்றேன்.

தயங்கினான்.
பெருவிரலால் அமத்தினான்.
பின்னால் ஏதோ பல்லைக் கடித்தது,
பனியைப் பிடித்தது,
ஏறினோம்.

போனடுட்ஸ் நிலையத்தில் இறங்கினவன்
கதவைச் சாத்திவிட்டு முன்பக்கம் போனான்.
கையுறையால் மூக்கைத் துடைத்தான்.
விரல் வைத்து எண்ணினான்.
கண்ணாடியை இறக்கினேன், குளிர் ஓடி வந்தது.
"ஐஞ்சுதான் கிடக்கு.
ஒண்டு எங்கை?"

"வாங்கேக்கையே இல்லை" என்றேன்.
"அதுக்குத்தான் இருபது பிராங் குறைச்சவன்."