வாய்க்கரிசி

எங்கடின் என்பது இந்தப் பள்ளத்தாக்கின் பெயர்.
'எங்கட' என்று தொடங்கி
கடைசி எழுத்தில் கைவிட்டுவிடும் சொல்.
செப்டெம்பர் மூன்று வாரமும் இங்கே
தபால்காரர், பல் வைத்தியர், பள்ளி அதிபர்
எல்லோரும் துவக்கோடு மலையில்.
கீழே விடுதிச் சமையலறையில்
நானும் செனாத்தும் வெங்காயமும்.

செராய்னா கைபேசியை
என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.
கோயில் வீதி. மாலை போட்ட கிடாய்.
பறை. கத்தி.
இறங்குமுன் அவளே கண்ணை மூடிக்கொண்டாள்.
"உங்கள் ஆட்கள் இன்னமும் இப்படித்தானா?"

"நாங்கள் இல்லை. அது வேற ஆக்கள்."
கரட் சீவுகிற வேகத்திலேயே
அதையும் சீவினேன்.

முழுப் பொய்யும் இல்லை.
வேள்வி நாளில் எங்கள் வீட்டில்
வடக்குப் பக்க யன்னல்களைச் சாத்திவிடுவோம்.
நாலாம் வீட்டுத் தவராசா
உளுத்தங்கஞ்சி ஊட்டி வளர்த்த கிடாயில்
மஞ்சள் தண்ணீர் தெளித்து
அது உடம்பைச் சிலுப்பும்வரை காத்திருப்பார்களாம்.
சிலுப்பினால் சம்மதம்.
நனைந்த எந்த ஆடுதான் சிலுப்பாது
என்று சிரிப்போம், யன்னலுக்கு இந்தப் பக்கம்.
ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.
தீர்ப்பு மட்டும் கைவசம் இருந்தது.

செனாத் வாய் திறக்கவில்லை.
பெருநாளுக்கு இத்தாலிக்கு எல்லை கடந்துபோய்
ஆடு அறுத்து வருகிறவன்.
இங்கே சட்டம் விடாது:
முதலில் நெற்றியில் ஓர் அடி, மயக்கம்,
அதற்குப் பிறகுதான் கத்தி.
"மலையில் ஓடுவதை யார் மயக்கினது?"
என்று முன்பொருநாள் கேட்டிருக்கிறான்,
வெங்காயத்திடம்.

ஏழு மணிக்குப் பின்வாசலில் ஃப்ளூரின்,
செராய்னாவின் அண்ணன்.
தோளில் இருந்து இறக்கினான்
கறுத்த முதுகு, கொக்கிக் கொம்பு,
ஒரு மலையாடு.
அதன் வாயில் பச்சையாய் ஒரு தேவதாருக் கொழுந்து.
கடைசிக் கவளமாம்.
சுட்டவனே ஊட்டி
தொப்பியைக் கழற்றிச் சற்று நிற்கவேண்டுமாம்.

எங்களில் இதற்குப் பெயர் வாய்க்கரிசி.
மனிதருக்கு மட்டும்.

காட்டதிகாரி குனிந்தார்.
பின்னங்காலை விலக்கி
இரண்டு விரலால் மடியை அழுத்தினார்.
ஒரு துளி.
வெள்ளை.

குட்டியோடு திரிகிற தாயைச் சுடக்கூடாது.
எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.
ஃப்ளூரின் படிவத்தை வாங்கி
குற்றவாளி என்ற கட்டத்தில்
தன் பெயரைத் தானே எழுதினான்,
எழுத்துக் கூட்டும் பிள்ளைபோல் மெதுவாக.
"குட்டியைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும்,"
என்றார் அதிகாரி.
மேலே பாறைகளில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

இப்போது கேட்கலாம்,
உங்கள் ஆட்கள் இன்னமும்…
நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.
இனிப்பாகவும் இருந்தது.

விழுங்கியது நல்லவன் என்பதால் அல்ல.
தவராசா குறுக்கே வந்துவிட்டார்.
வேள்வி முடிந்த அந்தியில்
பங்கு இறைச்சி வாங்காமல்
வெறும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு
எங்கள் படலையைத் தாண்டிப் போன தவராசா.
அப்போது யன்னல்கள் திறந்திருந்தன.
யாரும் கூப்பிடவில்லை.

பிராணி அரசுக்கு.
அரசிடமிருந்து கிலோக் கணக்கில் எங்கள் விடுதிக்கு.
உரிக்குமுன் கொழுந்தை எடுக்க
இறுகிய பற்களைக் கரண்டிக் காம்பால் நெம்பினேன்.
உள்ளே எச்சில் காய்ந்திருந்தது.
ஊசியிலை ஒன்றுகூடக் கடிபடவில்லை.

இந்த நாட்டில்
கண்ணாடிக்கு ஒரு தொட்டி, கடதாசிக்கு ஒன்று,
தேயிலைச் சக்கைக்கு ஒன்று,
எலும்புக்குப் பூட்டுப் போட்ட ஒன்று.
"இதை எதில் போடுறது?" என்று
செராய்னாவைக் கேட்டேன்.

அவள் என் உள்ளங்கையைப் பார்த்தபடி நின்றாள்.
அவளுக்கும் தெரியவில்லை.