எண்பத்தேழாம் பெட்டி

குன்னூருக்குத் தபால் மதியம்தான் மலையேறும்.
அன்று மழை, ரயில் இன்னும் தாமதம்.
இன்ஷூரன்ஸ் கடிதத்தை வாசித்துவிட்டு
துரை என் மேசையில் போட்டார்:
'கிளென்மோரா', கொச்சியிலிருந்து போன சரக்குக் கப்பல்,
டார்பிடோ பட்டு, பதினோரு நிமிடத்தில்.
கடலின் பெயரை மட்டும் தணிக்கைக்காரன்
மை பூசி அழித்திருந்தான்.

நம் பெட்டிகள் இருநூற்றுப் பன்னிரண்டு.
ஒவ்வொன்றிலும் தகரத் தகடு வைத்துக்
கறுப்பு மை தடவியவன் நான்தான்.
எண்பத்தேழில் ஏழு கொஞ்சம் வழிந்திருந்தது.

பேரேட்டில் சிவப்பில் எழுதினேன்: முழு நஷ்டம்.
ராத்தலுக்கு இத்தனை அணா என்று
லண்டன் கொடுத்துவிடும்.

செய்தி கேட்டு
சலிப்பு அறையிலிருந்து வந்தாள் சவரியாயி.
மாசியில் அவள் மூக்குத்தி
இலையோடு இலையாய்ப் போனது.
மூன்று நாள் தூள் சலித்தும் கிடைக்கவில்லை.
'எந்தச் சீமாட்டி கோப்பையில்
டிங்கென்று விழப்போகுதோ' என்று
அதற்கும் சிரித்தவள்.

இன்று வெறும் மூக்கைத் தொட்டபடி கேட்டாள்:
'கப்பலுக்கு அடுப்பு உண்டாங்கய்யா?'
உண்டு. நீராவிக் கப்பல். கரி.
'அப்போ கரி அள்ளிப்போட ஆளும் இருந்திருக்கும்.'

கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
தேயிலை, மிளகு, கயிறு, ரப்பர்,
எடை, எண்ணிக்கை, அடையாளக் குறி
எல்லாம் காலணா பிசகாமல் இருந்தது.
ஆள்கணக்கு இல்லை.

'எத்தனை பேருங்க?' மறுபடியும்.

ஐந்து மணிச் சங்கு ஊதியது.
பனி சன்னல் வழியே
உலர்த்துக் கொட்டகைக்குள் வந்துவிட்டது.
நாளை அனுப்ப வேண்டிய பெட்டிகள்
வெள்ளை மரமாய் வரிசையில்.
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

தூரிகையை நனைத்தேன்.
மை காயும்வரை
அவள் போகவில்லை.