தொண்ணூற்றெட்டு என்றது கருவி

உலான்பாத்தரில் இரவு இரண்டே கால்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நான்கு.
நெருக்கடிப் பிரிவின் கதவு திறக்கும்போதெல்லாம்
கொஞ்சம் கரிப்புகையும் உள்ளே வந்து
உட்கார இடம் தேடுகிறது.

தொல்கோரைத் தூக்கிவந்தவன்
பக்கத்துக் கூடாரத்து லாரி ஓட்டுநர்.
அவள் நகத்திடுக்கில் மாவு.
வெள்ளை மாத விருந்துக்கு எழுநூறு பூஸ் பிடித்து
வாசலில் சாக்குக்குள் உறையப் போட்டிருக்கிறாள்.
அடுத்ததைப் பிடிக்கும்போது தலைவலி.
ஆவியால் இருக்கும் என்று நினைத்தாளாம்.
சூடு வீணாகக் கூடாதென்று
புகைபோக்கியின் தகட்டை மூடிவைத்தது
நினைவில் இல்லை.

செவிலி மாவைத் துடைத்து
விரலில் கருவியை மாட்டினாள்.
தொண்ணூற்றெட்டு.
கன்னம் வேறு, குதிரையோட்டி வந்தவள்போல் சிவப்பு.
'நல்லாத்தானே இருக்காங்க' என்றான் பயிற்சி மருத்துவன்.
தூவ்ஷின் பதில் சொல்லவில்லை,
ரத்தம் எடுத்துக் கீழே அனுப்பினார்.

கீழே நான்.
முகம் பார்க்கிற வேலை இல்லை எனக்கு,
குழாய் பார்க்கிற வேலை.
பனிரெண்டு வருஷமாகிறது;
ரத்தம் ரொம்ப அழகாக இருந்தால் பயம்.
இது செர்ரிப்பழம்.

இயந்திரம் தொண்ணூறு விநாடி எடுத்துக்கொள்ளும்.
அந்த நேரத்தில் நான் இரும்பை நினைத்துக்கொள்வேன்.

ஒரு சிவப்பணுவுக்குள்
இருபத்தேழு கோடி ஹீமோகுளோபின்,
ஒவ்வொன்றிலும் நான்கே நான்கு இரும்பணு.
அவள் அடுப்பில் இருக்கும் அதே இரும்பு.
நுரையீரலில் ஆக்சிஜனைப் பிடித்து
கால்விரலில் கொண்டுபோய் விடவேண்டும்.
இறுக்கிப் பிடித்தால் கால்விரலுக்குக் கிடையாது.
தளர்த்திப் பிடித்தால் வழியிலேயே போய்விடும்.
பூஸின் வாயைக் கிள்ளுவதற்கு ஒரு பதம் உண்டே,
கொழுப்பு ஒழுகக்கூடாது,
ஆவி போக மட்டும் சின்னதாய் ஒரு துளை,
அந்தப் பதம்.

கூடாரத்தில் முதலில் மூச்சுமுட்டியது நெருப்புக்கு.
கரியின் அணு ஒவ்வொன்றும்
ஆக்சிஜனுக்கு இரண்டு கை நீட்டும்.
இரண்டு கிடைத்தால்
நீயும் நானும் வெளியே விடும் மூச்சு, அவ்வளவுதான்.
தகட்டை மூடியதும் ஒன்றுதான் கிடைத்தது.
நிறமில்லை, மணமில்லை,
இரும்பின்மேல் உட்கார்ந்தால் எழுந்திருக்காத விடாக்கண்டன்.
ஆக்சிஜனைவிட இருநூறு மடங்கு ஒட்டுதல்.

விரல் கருவி பாவம்.
அதற்குச் சிவப்பு மட்டும் தெரியும்.
நாற்காலி நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கும்,
உட்கார்ந்திருப்பது யார் என்று கேட்காது.

முப்பத்தேழு.
தொலைபேசியில் சொன்னேன். இன்னொரு தடவை சொன்னேன்.

மருந்து என்று தனியாக ஒன்றும் இல்லை.
முகமூடி போட்டு
சுத்த ஆக்சிஜனை மேலே மேலே அனுப்பி
கூட்டம் சேர்த்து நெருக்கினால்
விடாக்கண்டனும் கடைசியில் இடம்விட்டாகணும்.
எண்பது நிமிஷத்துக்கு ஒரு பாதி, ஏறத்தாழ.
பத்தொன்பது.
பத்து.

நாலு வயது மகள் அனுஜின் கணக்கு வேறு.
அவளுக்குப் பதினொன்றுதான் ஏறியிருந்தது.
கதவோரம், கம்பளி கிழிந்த இடத்தில் படுத்திருந்தாள்.
குளிர் வருகிறதென்று அம்மா
வாரக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்த கிழிசல்.

வேலை ஓய்ந்தபோது
என் ரத்தத்தையும் ஒரு சொட்டு ஓட்டிப்பார்த்தேன்.
இரண்டு.
இந்த ஊர்க் காற்றில் பாதி;
மீதியில் கொஞ்சம் என் உடம்பே செய்தது.
பழைய ரத்தத்தை உடைக்கும்போது
அதுவும் இந்த வாயுவைத்தான் துளித்துளியாய் விடுகிறது,
யாரிடமும் சொல்லாமல்.

ஆறு மணிக்கு மேலே போனேன்.
வழக்கமில்லை. போனேன்.
தொல்கோர் முகமூடியை விலக்கி
லாரிக்காரனைத் தேடினாள்.
வறண்ட நாக்கில் முதல் பேச்சு:
'சாக்கை உள்ளே எடுத்து வெச்சியா?
நாய் இழுத்துட்டுப் போயிடும்.'